பொஸ்னா அணியின் வீடு: சரஜெவோவின் இரண்டு அரங்குகளின் கதை

ஒரு கூடைப்பந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை அது வென்ற கிண்ணங்களை வைத்து எழுதுவதுதான் வழமை. சரஜெவோ நகரின் பொஸ்னா கழகத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என் கவனம் கிண்ணங்களில் நிற்கவில்லை. அந்த அணி ஆடிய அரங்கும், அதே நகரில் இருந்த இன்னோர் அரங்கும் யுத்த காலத்தில் என்னவாகின, யுத்தம் முடிந்தபின் யாருடைய பெயரைத் தாங்கின என்பதிலேயே போய் நின்றது.

1951இல் சரஜெவோ பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் ஒரு பிரிவாக உருவானது பொஸ்னா. அன்றைய யூகோஸ்லாவியாவில் பெல்கிரேட், சாக்ரெப் நகரக் கழகங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அணியாக அது நீண்டகாலம் இருக்கவில்லை. 1969 நவம்பர் 29ஆம் திகதி, மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் ஸ்கெண்டேரியா என்ற கலாசார, விளையாட்டு நிலையம் திறக்கப்பட்டது. திறப்பு விழா ஒரு விளையாட்டுப் போட்டியோடு நடக்கவில்லை. 'நெரெட்வா சமர்' என்ற யுத்தத் திரைப்படத்தின் முதற்காட்சியோடு நடந்தது. சீமெந்தாலான, தட்டையான, பார்வைக்கு அவ்வளவு அழகில்லாத அந்தக் கட்டடத்தொகுதியின் அரங்குதான் பொஸ்னாவின் வீடாக மாறியது.

1972இல் அணி முதற்பிரிவுக்கு ஏறியது. பயிற்றுநர் போக்டான் டான்யெவிச்சுக்கு அப்போது வயது 25. அதே ஆண்டு துஸ்லா நகரிலிருந்து 18 வயது மிர்சா டெலிபாஷிச் வந்து சேர்ந்தார். 1978இல் யூகோஸ்லாவியச் சம்பியன் பட்டம் கிடைத்தது. 1979 ஏப்ரல் 5ஆம் திகதி, பிரான்ஸின் கிரனோபில் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலியின் வரேஸே அணியை 96-93 எனப் பொஸ்னா வென்றது. ஷார்கோ வராயிச் மட்டும் 45 புள்ளிகள் பெற்றார், டெலிபாஷிச் 30. யூகோஸ்லாவியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கழகம் அதுதான்.

1984 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுக்காக நகரின் வடபகுதியில் ஸெட்ரா என்ற பெரிய பனி அரங்கு கட்டப்பட்டது. பிரித்தானியாவின் டோர்வில், டீன் ஜோடி பனிநடனத்தில் தங்கம் வென்றது அங்கேதான். நிறைவு விழாவும் அங்கேதான். சரஜெவோவை உலகம் அறிந்தது அந்த இரு வாரங்களில்.

எட்டு ஆண்டுகள் கழிந்து, 1992 ஏப்ரல் 5ஆம் திகதி முற்றுகை தொடங்கியது. கிரனோபில் வெற்றியின் பதின்மூன்றாவது ஆண்டு நிறைவு நாள் அது. முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. முதல் சில வாரங்களிலேயே எறிகணைகள் ஸெட்ராவின் கூரையைப் பிளந்து எரித்தன. ஆனால் கட்டடத்தின் கீழ்த்தளம் தப்பியது. அங்கே சடலங்களை வைத்தார்கள், பொருட்களைக் களஞ்சியப்படுத்தினார்கள். பார்வையாளர் இருக்கைகளின் மரப்பலகைகளைக் கழற்றிச் சவப்பெட்டி செய்தார்கள். பக்கத்தில் இருந்த பயிற்சி மைதானம் இடுகாடானது.

இப்படி ஏன் நடக்கிறது என்பதை வேறு யாருக்காவது விளக்கவேண்டியிருக்கலாம். பாடசாலை என்றால் முகாம், கோயில் மண்டபம் என்றால் படுக்கை என்று வாழ்ந்த எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் விளையாட்டரங்குக்கென்று சில தனிக் காரணங்கள் இருக்கின்றன. இடையில் தூண் இல்லாத பெரிய தளம், அகலமான கதவுகள், பாரவாகனம் வந்து திரும்பக்கூடிய முற்றம், ஆயிரக்கணக்கானோருக்கென்று போட்ட தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும், நிலத்துக்குக் கீழே தடித்த சுவர்களோடு அறைகள். சனம் கூடுவதற்காகக் கட்டிய எல்லாமே யுத்தத்துக்கும் வசதியானவை. வீரனுக்கு உடைமாற்ற அமைத்த அறை, எறிகணை விழும்போது நகரிலேயே பாதுகாப்பான அறையாகிவிடுகிறது. அதனால் அரங்கைக் கையில் எடுப்பதில் எல்லோருக்கும் விருப்பம்.

ஸ்கெண்டேரியாவைக் கையில் எடுத்தது ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்புப் படை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கே தளம் அமைத்தார்கள். கிர்பவிட்சா பகுதியின் முன்னரங்கு அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

1993இல் புதிய நாடான பொஸ்னியா முதற்தடவையாக ஐரோப்பியக் கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டிக்கு அணி அனுப்பியது. பயிற்றுநர் டெலிபாஷிச். மொஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, ரியல் மட்ரிட்டில் ஆடி, 29 வயதில் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் ஆட்டத்தை விட்டவர். முற்றுகைக்குள் இருந்த நகரத்தை விட்டுப் போகாமல் இருந்தவர். போட்டிக்குப் போவதற்கு வீரர்கள் இரவில் விமான ஓடுபாதையை ஓடிக் கடக்கவேண்டியிருந்தது. விமானநிலையம் ஐ.நா. படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. யாரையும் கடக்கவிடுவதில்லை என்பது அவர்களுடைய உடன்பாடு. ஓடுபவர்கள்மீது அவர்களின் வாகன விளக்குகள் விழும். அந்த வெளிச்சத்தில் குறிசுடுநர்கள் சுடுவார்கள். உள்ளூர் அணியின் அரங்கில் நீலத் தொப்பிகள் குடியிருக்க, அந்த நாட்டு வீரர்கள் நீலத் தொப்பிகளின் வெளிச்சத்துக்கு ஒளித்து ஓடினார்கள். ஜேர்மனியில் நடந்த அந்தப் போட்டியில் பொஸ்னியா எட்டாம் இடம் பெற்றது. நான் வாசித்த விளையாட்டுச் செய்திகளில் இவ்வளவு பெரிய எட்டாம் இடத்தைக் கண்டதில்லை.

யுத்தம் முடிந்தபின் எந்தக் கட்டடம் எழும்புகிறது என்பது அதன் சேதத்தை மட்டும் பொறுத்ததல்ல. 1994 பெப்ரவரியில், நோர்வேயில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஹுவான் அன்டோனியோ சமரஞ்ச் முற்றுகைக்குள் இருந்த சரஜெவோவுக்கு வந்து ஸெட்ராவின் இடிபாடுகளைப் பார்த்தார். யுத்தத்தின்பின் ஒலிம்பிக் குழுவின் பணம் வந்தது. 1999இல் ஸெட்ரா மீண்டும் திறந்தது. 2010இல் அதற்குச் சமரஞ்சின் பெயர் சூட்டப்பட்டது. அவர் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒலிம்பிக் என்ற முத்திரை இருந்திராவிட்டால் அந்தக் கூரை அவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்குமா? ஒலிம்பிக் முத்திரை இல்லாத வீடுகளும் பள்ளிகளும் அந்த நகரில் நிறையவே எரிந்து கிடந்தன.

பொஸ்னாவுக்கு அதன் அரங்கு திரும்பக் கிடைத்தது. 1999இல் பொஸ்னியாவின் சம்பியனானது. 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஆனால் ஐரோப்பாவை வெல்லும் காலம் போய்விட்டது. நாடு சிறிதாகிவிட்டது, அனுசரணையாளர்கள் குறைந்துவிட்டார்கள், நல்ல வீரர்கள் இளவயதிலேயே வெளிநாட்டுக் கழகங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்கெண்டேரியாத் தொகுதியும் பராமரிப்புக்குப் பணமில்லாமல் தளர்ந்தது. 2012 பெப்ரவரியில் பெருமளவு பனி கொட்டியபோது அதன் பனி அரங்கின் கூரை இடிந்து விழுந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி, முற்றுகை தொடங்கி இருபது ஆண்டானதை நினைவுகூர்ந்து நகரின் பிரதான வீதியில் 11,541 சிவப்புக் கதிரைகளை வெறுமையாக அடுக்கி வைத்தார்கள். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை. பிள்ளைகளுக்குச் சிறிய கதிரைகள். ஸெட்ராவின் இருக்கைப் பலகைகள் என்னவாகின என்று தெரிந்தவர்கள் அந்த வீதியில் நிற்கும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

டெலிபாஷிச் 2001 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார். ஸ்கெண்டேரியாவில் பொஸ்னா ஆடும் மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். வெளியிலிருந்து வந்து உதவியவரின் பெயர் ஓர் அரங்கில், முற்றுகைக்குள் கூடவே இருந்தவரின் பெயர் மற்றையதில்.