கதிர்வீச்சுச் சிகிச்சை எட்டாத நாடுகள்

புற்றுநோய்க்கான சிகிச்சைகளில் முதன்மையானவை மூன்று: அறுவை சிகிச்சை, கீமோ முதலிய மருந்துகள், கதிர்வீச்சு. தமிழ்நாட்டு நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் தேவைப்படுகிறது. வாய், தொண்டை, மார்பகம், கருப்பை வாய் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் அதன் பங்கு பெரிது. அறுவை சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிவிட்ட கருப்பை வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தக் கதிர்வீச்சைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெண்களின் உயிரை அதிகம் பறிக்கும் புற்றுநோய் இதுவே. கதிர்வீச்சு வசதி மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

வருமானம் மிகக் குறைந்த நாடுகளில் கதிர்வீச்சு தேவைப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது கிடைப்பதில்லை என்று லான்செட் ஆன்காலஜி இதழ் அமைத்த நிபுணர் குழு 2015இல் கணக்கிட்டது. ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சு இயந்திரம்கூட இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை 2022இல் தெரிவித்தது. அந்த ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 2050இல் இது 3.5 கோடியாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. விகித அளவில் மிக வேகமாகக் கூடப்போவது ஏழை நாடுகளில்தான்.

ஒரே ஓர் இயந்திரத்தை நம்பி ஒரு நாடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டா சாட்சி. தலைநகர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 1995இல் நிறுவப்பட்ட கோபால்ட் இயந்திரம், நாடு முழுமைக்கும் இருந்த ஒரே கதிர்வீச்சு இயந்திரம். அண்டை நாடுகளின் நோயாளிகளும் அங்கே வந்தார்கள். 2016இல் அது சரிசெய்ய முடியாதபடி பழுதானது. சுமார் 400 நோயாளிகளைக் கென்யாவின் நைரோபியிலுள்ள ஒரு மருத்துவமனையில் ஏற்றுக்கொள்ள ஏற்பாடானது. தேவைப்பட்டவர்களோ அதைப்போலப் பல மடங்கு. புதிய இயந்திரம் இயங்கத் தொடங்க 2018 ஜனவரி ஆகிவிட்டது. பணம் ஒதுக்கிய கையோடு இந்த வேலை முடிவதில்லை. பழைய இயந்திரத்தை அதன் கதிரியக்க மூலத்தோடு பத்திரமாக அகற்ற வேண்டும். கதிர் வெளியே கசியாதபடி ஒரு மீட்டருக்கும் அதிகத் தடிமனில் கான்கிரீட் சுவர் எழுப்பிய அறை வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் வேண்டும்.

உடலுக்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கோபால்ட் இயந்திரத்தில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் தானாகவே காமா கதிரை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மின்சாரம் குறைவாகவே தேவை, பராமரிப்பும் எளிது. ஆனால் அந்தப் பொருளின் வீரியம் மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்து, 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். புதிதாக இருக்கும்போது இரண்டு நிமிடத்தில் கிடைத்த கதிரளவுக்கு அப்போது நான்கு நிமிடம் பிடிக்கும். ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும். இந்தக் கதிரியக்க மூலத்தை மாற்றப் பணமில்லாத மருத்துவமனையில் வரிசை நீண்டுகொண்டே போகும்.

கைவிடப்பட்ட மூலங்களால் வரும் ஆபத்து வேறு. பிரேசிலின் கோயானியா நகரில் இடம் மாறிப்போன ஒரு சிகிச்சை நிலையம், சீசியம்-137 இருந்த இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச்சென்றது. 1987இல் அதைப் பழைய இரும்புக்காகப் பிரித்தார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் பலர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். நான்கு பேர் இறந்தனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது.

இரண்டாவது வகையான லீனியர் ஆக்ஸிலரேட்டரில் கதிரியக்கப் பொருள் கிடையாது. மின்சாரத்தைக் கொண்டு எலக்ட்ரான்களை முடுக்கி எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை நுணுக்கமாகச் செலுத்தலாம். ஆனால் விலை மிக அதிகம். ஏற்ற இறக்கமில்லாத மின்சாரம், குளிர்விக்கும் நீர், ஏர் கண்டிஷன் எல்லாம் தடையில்லாமல் இருக்க வேண்டும். பழுதானால் உதிரிபாகமும் பொறியாளரும் வெளிநாட்டிலிருந்து வரும்வரை சிகிச்சை நின்றுபோகும். மின்வெட்டையும் வெப்பத்தையும் தாங்கும் எளிய ஆக்ஸிலரேட்டரை உருவாக்க செர்ன் ஆய்வுக்கூடமும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும் ஆப்பிரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து முயன்றுவருகின்றன. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த ‘பாபாட்ரான்’ கோபால்ட் இயந்திரம் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் தயாராகிறது. வியட்நாம், மங்கோலியா, கென்யா போன்ற நாடுகளுக்கு இந்தியா அதை நன்கொடையாக அளித்தது.

இயந்திரத்தை இயக்கும் ஆட்கள் கிடைப்பது அதைவிடக் கடினம். தொண்டைப் புற்றுநோய்க்கு வரும் ஒருவரை நேராக இயந்திரத்தின் கீழே படுக்க வைத்துவிட முடியாது. முதலில் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் அழுத்தி ஒரு மாஸ்க் செய்வார்கள். ஒவ்வொரு நாளும் தலை துளியும் அசையாமல் ஒரே நிலையில் இருக்க அது உதவும். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியையும் காக்கவேண்டிய தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி முதலானவற்றையும் மருத்துவர் படம் படமாக வரைந்து குறிப்பார். எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டுச் சரிபார்ப்பார். அதன் பிறகே டெக்னீஷியன் தினசரி சிகிச்சையைத் தொடங்குவார். இந்த மூவரையும் பயிற்றுவிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பயிற்சி பெற்றவர்களில் பலர் நல்ல சம்பளம் தேடி வெளிநாடு போய்விடுவதும் உண்டு. திட்டமிடும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு நம்பகமாகச் செய்கிறது என்பதைச் சோதிக்கும் ‘ஆர்ச்சரி’ ஆய்வு இந்தியா, ஜோர்டான், மலேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் மேற்கொள்ளப்பட்டது.

புதிய இயந்திரம் வாங்காமலேயே கூடுதல் பேருக்குச் சிகிச்சை தர ஒரு வழி, சிட்டிங்குகளை, அதாவது கதிர்வீச்சு பெற வரும் தடவைகளை, குறைப்பது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் 25 சிட்டிங், அதாவது ஐந்து வாரம் என்பது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல் கதிர் தந்து 15 அல்லது 16 சிட்டிங்கில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டன், கனடா ஆய்வுகள் காட்டின. பொருத்தமான நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 சிட்டிங் போதும் என்று பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் நிறுவியது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கப் பலருக்கு ஒரே சிட்டிங் போதுமானது. இப்படி மிச்சமாகும் இயந்திர நேரத்தில் வேறு நோயாளிகளைப் பார்க்கலாம். தலைநகரில் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, கூலியை இழந்து, பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் இது பேருதவி.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இன்னொன்றும் தேவை. வெளியிலிருந்து தரும் கதிரோடு, கட்டியின் அருகிலேயே கதிரியக்க மூலத்தைச் சிறிது நேரம் வைத்து எடுக்கும் பிரேக்கிதெரபியும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையடையும். அந்த நோயை ஒழிக்க உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டம், நோய் கண்டறியப்பட்ட பெண்களில் 90 சதவீதத்தினருக்கு 2030க்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. பிரேக்கிதெரபிக் கருவிகளும் பெருகாமல் அந்த இலக்கை எட்ட முடியாது.

சர்வதேச அணுசக்தி முகமை 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘நம்பிக்கைக் கதிர்கள்’ திட்டம் இயந்திரத்தோடு பயிற்சியையும் பாதுகாப்பு விதிமுறைகளையும் சேர்த்தே வழங்குகிறது. ஓரளவு வசதியுள்ள சில மருத்துவமனைகளைத் தேர்ந்து, சுற்றியுள்ள நாடுகளின் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் மையங்களாக அவற்றை வளர்க்கிறது. ஆனால் தொடர்செலவு அந்தந்த அரசின் பொறுப்பு. இயந்திரம் வாங்கும்போதே பராமரிப்பு ஒப்பந்தம், மூலம் மாற்றும் செலவு, ஊழியர் சம்பளம், நோயாளிகளின் தங்குமிடம் ஆகியவற்றுக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவு நஷ்டமல்ல. காப்பாற்றப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்புவதால் போட்ட பணத்தைவிட வரும் பலன் அதிகம் என்பதே லான்செட் ஆன்காலஜி குழுவின் 2015ஆம் ஆண்டு முடிவு.