கொல்லிமலை பாக்சைட் சுரங்கங்கள்

கொல்லிமலை பாக்சைட் சுரங்கங்கள் என்பவை தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் 2008ஆம் ஆண்டு வரை இயங்கிய திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆகும். மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் (மால்கோ), தன் ஆலைக்கு வேண்டிய பாக்சைட்டை இங்கிருந்தும் சேர்வராயன் மலையின் ஏற்காட்டுப் பகுதியிலிருந்தும் பெற்றது. பெரும் நிலக்கரி, இரும்புச் சுரங்கங்களோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. ஆனால் சுரங்கத்தின் பரப்பைக் கொண்டு மட்டும் அதன் பாதிப்பை அளவிட முடியாது.

புவியியல் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கொல்லிமலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. அடிப்பாறை சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தது. நெடுங்கால மழையும் வெப்பமும் இப்பாறையைச் சிதைத்து, அதிலிருந்த சிலிக்காவைக் கரைத்துச் சென்றன. அலுமினிய ஐதராக்சைடுகளும் இரும்பு ஆக்சைடுகளும் எஞ்சின. இவ்வெச்சமே பாக்சைட். இது மலையுச்சியில் ஒரு தொப்பி போலப் படிந்திருப்பதால் ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை.

சிக்கலும் இங்குதான் உள்ளது. நுண்துளைகள் நிறைந்த இப்படலம் மழைநீரை உறிஞ்சி, கீழேயுள்ள ஊற்றுகளுக்கு மெதுவாக விடுகிறது. அதை அகற்றினால் மழைநீர் தங்காமல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். மலையாளிப் பழங்குடியினர் பள்ளத்தாக்குகளில் நெல்லும் சரிவுகளில் சிறுதானியமும் பயிரிடும் இம்மலையில் ஊற்று என்பது வேளாண்மையின் அடிப்படை.

பணியாளர் பாதுகாப்பு

திறந்தவெளிச் சுரங்கத்தில் கூரை இடியும் அபாயம் இல்லை. பக்கச்சுவர் சரியும் அபாயம் உண்டு. எனவே மண், சரளை போன்ற இளகிய நிலத்தில் பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்றும், ஒரு படியின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டாமலும் அகலம் உயரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்றும் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் வகுத்தன. கடைப்பிடிக்க எளிய விதிதான். ஆனால் சிறு குவாரிகளில் முதலில் மீறப்படுவதும் பெரும்பாலும் இதுவே, ஏனெனில் படி வெட்டுவதற்குக் கூடுதல் இடமும் கூலியும் தேவை.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கட்டுமானக் கல், சரளை, செம்புரைக்கல் முதலியவற்றை எடுக்கும் சிறு குவாரிகளுக்குப் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆழம் 6 மீட்டருக்கும் பணியாளர் 50 பேருக்கும் மிகாமலும், வெடிமருந்து பயன்படுத்தாமலும் இருந்தால் இவ்விலக்கு கிடைத்தது. அச்சட்டத்தின் விலக்குப் பட்டியலில் பாக்சைட் இருக்கவில்லை.

இவற்றோடு தூசியும் போக்குவரத்தும் சேர்கின்றன. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

சட்ட நிலை

1994ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 5 எக்டேருக்கு மேற்பட்ட முதன்மைக் கனிமக் குத்தகைகளுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2006இல் புதிய அறிவிக்கை வந்தது. கொல்லிமலைச் சுரங்கங்கள் சுற்றுச்சூழல் அனுமதியின்றி இயங்குவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது; 2008இல் சுரங்கப்பணி நின்றது. அதே ஆண்டின் இறுதியில் மேட்டூர் அலுமினிய ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

பழங்குடி நிலங்களைத் தனியார் சுரங்கங்களுக்குக் குத்தகைக்கு விடுவதைத் தடுத்த உச்ச நீதிமன்றத்தின் சமதா தீர்ப்பு (1997), அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளைப் பற்றியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே, பழங்குடியினர் பெருமளவில் வாழ்ந்தும் கொல்லிமலைக்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை.

நிலச் சீரமைப்பு

2003 முதல் முதன்மைக் கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம். மேல்மண்ணைத் தனியே குவித்துக் காப்பதும், பள்ளங்களை நிரப்பி அம்மண்ணை மீண்டும் பரப்புவதும் இதன் முக்கியப் பணிகள். மேல்மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விதைகளும் நெடுநாள் குவியலில் அழிந்துவிடும் என்பதால், ஒரு பகுதியைத் தோண்டும்போதே முன்பு தோண்டிய பகுதியை மூடிவருவது சிறந்த முறை. விரைவில் பச்சை காட்டும் அயல் மரங்களை நட்டு முடித்துவிடுவதைச் சீரமைப்பு எனக் கொள்வது கடினம். மிளகுக்கொடி படர்வதற்காகக் கொல்லிமலையில் ஏற்கெனவே பரவலாக நடப்பட்டுள்ள சில்வர் ஓக்கும் ஆத்திரேலியாவிலிருந்து வந்த மரமே.