பிலிம் சுருளும் சிலிக்கன் சில்லும்

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. தாலி ஏறுகிறது. போட்டோகிராபர் கிளிக் செய்த கையோடு காமிராவின் முதுகைப் பார்த்து "ஓகே" என்று தலையாட்டுகிறார். இன்று இது நமக்குச் சாதாரணக் காட்சி. முப்பது வருடங்களுக்கு முன் அதே இடத்தில் நின்றவருக்கோ, படம் விழுந்ததா இல்லையா என்பது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதுவரை வயிற்றில் நெருப்புதான்.

என் பெரியப்பா அப்படி நெருப்போடு நின்றவர்களில் ஒருவர். 1978-ல் ஸ்டூடியோ போட்டவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிற தைரியத்தில், "டிஜிட்டல்தானே பெரியப்பா பெஸ்ட்?" என்று அவரிடம் ஒருநாள் கேட்டு வைத்தேன். "எதுக்குப் பெஸ்ட்டுன்னு கேளுடா" என்றார். அந்தப் பதிலின் விரிவுரைதான் இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. பிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்ட வெள்ளி புரோமைடு படிகங்கள். ஒளி பட்ட படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மாற்றம் நிகழும். டெவலப்பரில் போட்டால் அந்தப் படிகம் மட்டும் கரிய உலோக வெள்ளியாக மாறும். ஒளி படாததை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். இந்த வித்தை நம் மாநிலத்துக்கும் புதிதல்ல. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. பிறகு நலிந்து மூடப்பட்டது. பெரியப்பாவின் அலமாரியில் இன்றும் ஒரு காலி இந்து டப்பா உண்டு. அதில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்!

டிஜிட்டலில் ரசாயனம் இல்லை. சிலிக்கன் சில்லின் மேல் லட்சக்கணக்கான நுண்குழிகள். ஒளி விழ விழ ஒவ்வொரு குழியிலும் எலெக்ட்ரான்கள் சேரும். அந்த மின்னூட்டத்தை அளந்து எண்ணாக்கினால் படம். இதற்கு அடித்தளமான சி.சி.டி. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்காக பாயில், ஸ்மித் இருவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை கேஸட் டேப்பில் பதிய 23 வினாடி. பிலிம் விற்றுச் செழித்த அந்தக் கம்பெனிதான் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. தன் வீட்டில் பிறந்த பிள்ளையை அது சரியாக வளர்க்கவில்லை என்பது என் கருத்து.

இனி பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். 2000-க்குப் பிறகு அவரும் டிஜிட்டல் வாங்கினார். முதல் கல்யாணத்திலேயே மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டி முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு. மடிப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. இருபது வருஷ அனுபவஸ்தர் எடுத்த படமா இது?

உண்மையில் அந்த அனுபவம்தான் அவரைக் கவிழ்த்தது. நெகடிவ் பிலிமில் ஒளி கூடினால் கருமை படிப்படியாகத்தான் ஏறும், உச்சியில் மெல்ல வளைந்து படுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று ஸ்டாப் கூடினாலும் பிரிண்ட் போடும்போது வேஷ்டி மடிப்பை மீட்டுவிடலாம். ஒளி குறைந்தால்தான் ஆபத்து, நிழலில் ஒன்றுமே பதியாது. எனவே "சந்தேகம் வந்தா ஒரு ஸ்டாப் கூடக் குடு" என்பது அக்காலத் தொழில் வேதம்.

சில்லில் கதை தலைகீழ். குடம் நிரம்பிய பின் எவ்வளவு ஊற்றினாலும் வழிந்துதான் போகும். அதுபோல, குழி நிரம்பினால் அதற்குமேல் கணக்கு இல்லை, அந்த இடம் வெறும் வெள்ளை. கம்ப்யூட்டரில் எத்தனை வித்தை செய்தாலும் திரும்பாது. நிழலையோ ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அவ்வளவே. ஸ்லைடு பிலிமில் வேலை செய்து பழகியவர்கள் இந்த மாற்றத்தில் அதிகம் தடுமாறவில்லை என்கிறார் பெரியப்பா. ஸ்லைடிலும் ஒளி கூடினால் மன்னிப்பு கிடையாது.

உலகப் புகழ் பெற்றவர்களும் இதே தராசைப் பிடித்தவர்களே. பிரேசில் நாட்டு செபாஸ்தியாவோ சல்காடோ, 'ஜெனிசிஸ்' என்ற தன் பெரும் திட்டத்தை 2004-ல் பிலிமில்தான் தொடங்கினார். விமான நிலையந்தோறும் எக்ஸ்ரே சோதனையில் பிலிம் பாழாகும் தொல்லை தாளாமல் 2008-ல் டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் படத்தைத் திரையில் பார்த்துத் தேர்வு செய்யும் பழக்கத்தை மட்டும் ஏற்கவில்லை. பழையபடி காண்டாக்ட் ஷீட் போடச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பொறுக்கினார். கருவியை மாற்றினார், கண்ணின் பழக்கத்தை மாற்றவில்லை. நம் நாட்டு ரகு ராய் 2000-களின் தொடக்கத்திலேயே மாறிவிட்டார்.

"ரோலுக்கு 36 படம்தான், அதனால யோசிச்சு எடுத்தோம்" என்பது பழைய கை எல்லோரும் சொல்வது. பெரியப்பா இதில் கட்சி மாறியவர். "யோசிச்சதும் உண்மை, காசுக்குப் பயந்து நல்ல படத்தை விட்டதும் உண்மை" என்பார். ஒருமுறை பிலிம் முனை ஸ்பூலில் மாட்டாமல், ஒரு முகூர்த்தம் முழுக்கச் சுற்றாத பிலிமிலேயே கிளிக் செய்திருக்கிறார். அந்த வீட்டில் இன்றும் அவருக்குக் காபி கிடையாது. அதன் பிறகு ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படம் எடுத்ததில்லை. டிஜிட்டலிலும் அவர் தப்பவில்லை. உதவிப் பையன் கார்டை மாற்றி பார்மட் அடித்து, ஒரு வளைகாப்பு மொத்தமாகப் போனது.

எது நிலைக்கும் என்பதுதான் இன்று அவரை வாட்டும் கேள்வி. ஸ்டூடியோவை மூடிய பிறகும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நெகடிவ்கள் பரணில் கிடக்கின்றன. வருடத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். "அம்மா தவறிட்டாங்க. தனியா ஒரு போட்டோ இல்ல. எங்க கல்யாணத்துல நீங்க எடுத்ததுல இருக்குமா?" என்று கேட்பார்கள். மாலை போட ஒரு முகம் வேண்டும். பெரியப்பா நோட்டைப் புரட்டி, தேதி பார்த்து, உறையை எடுப்பார். முப்பத்தைந்து வருட நெகடிவ் பளிச்சென்று வரும். 2006-ல் சிடியில் போட்டுக் கொடுத்த கல்யாணங்களைக் கேட்டு வருபவர்களுக்கு அவர் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. சிடி படிக்கவில்லை, அவருடைய ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது.

அதற்காக பிலிமே அமரத்துவம் பெற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிலிமின் அடிப்பட்டை செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவிடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் நோய் வந்துவிட்டது என்று பொருள். பட்டை சுருங்கும், வளையும். பக்கத்து உறைக்கும் பரவும். கலர் நெகடிவில் சாயமும் மங்கும். நெகடிவ் ஒன்றே ஒன்றுதான், போனால் போனது. டிஜிட்டல் கோப்பையோ எத்தனை நகல் எடுத்தாலும் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் இராது. ஆனால் அந்த நகலை எடுக்க ஓர் ஆள் வேண்டுமே!

சென்ற கோடை விடுமுறையில் அந்த ஆள் நான். வெள்ளை எல்.இ.டி. பலகை, அதன் மேல் நெகடிவ், நேர் மேலே மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் காமிரா. படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு ரோல் முடியும். கோப்புகளை இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அத்தை வீட்டில் வைத்திருக்கிறோம். முதல் பெட்டியில் பாதி முடிந்தது. 1987-ஆம் வருட உறைகளைப் பிரித்தபோது லேசாக வினிகர் வாடை வந்தது. அவற்றைத் தனியே எடுத்து வேறு டப்பாவில் வைத்தோம். வருகிற லீவில் முதல் வேலை அதுதான்.