மடிக்கணினிக்குக் காய்ச்சல்!
தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம், பழைய மடிக்கணினி பரணில் தூங்கும் வீடுகள் உண்டு. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்தவையும் அவற்றில் சேரும். "அடுப்பாய்ச் சுடுகிறது, தானே அணைந்து விடுகிறது" என்பது வீட்டார் புகார். எடைக்குப் போட்டு விடலாமா என்றும் பேச்சு வரும்.

பொறுங்கள்! அது சாகவில்லை. அதற்குக் காய்ச்சல்!

மடிக்கணினியின் மூளை ஒரு சிறு சில்லு. 'பிராசசர்' என்பார்கள். வேலை செய்தால் அது சூடேறும். சூட்டை இழுத்துக்கொள்ள, அதன் தலையில் ஒரு உலோகத் தகடு அழுந்தி இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு வழவழப்பு. உண்மையிலோ, உழுத வயல் போல நுண்ணிய மேடு பள்ளம்! பள்ளத்தில் காற்று நிற்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் இடையில் 'தெர்மல் பேஸ்ட்' என்ற பசையைப் பூசுகிறார்கள்.

ஆண்டுகள் போனால் பசை காய்ந்து விடும். ஆடிக் காற்றில் வந்த தூசியும் விசிறியை அடைத்தால் கேட்கவே வேண்டாம்! சூடு எல்லை மீறியதும், கருகிப் போகாமல் இருக்க, சில்லு தானே வேலையை நிறுத்திக் கொள்கிறது. கெட்டிக்காரச் சில்லு!

மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றி, தகட்டை எடுத்து, பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் ஆகாது. பிறகு புதுப் பசை. எவ்வளவு? கம்பம் திராட்சை அளவு வேண்டாம். நெல்மணி அளவு போதும். அதிகமானால் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் கை வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து விடுங்கள். விசிறித் தூசியையும் தட்டச் சொல்லுங்கள்.