அக்டோபர் 15-க்கு முன் பிரிக்க வேண்டிய கடிதம்

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களின் தபால் பெட்டி செப்டம்பர் கடைசியில் காப்பீட்டு விளம்பரங்களால் பிதுங்கும். அவற்றுக்கு நடுவே, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கீழ் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும், தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் அல்லது மருந்துத் திட்டத்திலிருந்து ‘வருடாந்திர மாற்ற அறிவிப்பு’ வரும். செப்டம்பர் 30-க்குள் அது உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். விளம்பரங்களைத் தூக்கிப் போடுங்கள். இதை மட்டும் பிரித்துப் படியுங்கள்.

திட்டத்தை மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அவகாசம் உண்டு. மாற்றம் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். சும்மா இருந்தால் பெரும்பாலும் பழைய திட்டமே தொடரும், ஆனால் புதிய கட்டணங்களோடு.

பலரும் பிரீமியத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மருந்துப் பட்டியல்தான் முக்கியம். 2026-இல் மருந்துக்கான கைச்செலவு 2,100 டாலரைத் தாண்டாது என்பது உண்மை. ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே அது பொருந்தும். மாத்திரை டப்பாக்களை மேசையில் பரப்பி, பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து மெடிகேர் இணையதளத்தில் ஒப்பிடுங்கள்.

உங்கள் டாக்டர் அந்தத் திட்டத்தை ஏற்பாரா என்று கேட்க அவர் அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது கம்பெனி பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே கம்பெனிக்குப் பல நெட்வொர்க்குகள் உண்டு. அட்டையில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, “ஜனவரியிலும் எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேளுங்கள்.

உண்மையான ஆபத்து, பிரீமியமே இல்லை என்ற அட்வான்டேஜ் விளம்பரத்தை நம்பி, மெடிகேர் விட்டுவைக்கும் செலவை ஈடுகட்டும் துணைக் காப்பீடான மெடிகேப்பைக் கைவிடுவதில் இருக்கிறது. 65 வயதான பின் மெடிகேரின் டாக்டர் செலவுப் பகுதியான பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் மெடிகேப் கேட்டால் கம்பெனி மறுக்க முடியாது. அதன்பின் நியூயார்க் போன்ற சில மாநிலங்களைத் தவிர, உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். முதல்முறை மெடிகேப்பை விட்டு அட்வான்டேஜுக்குப் போனவர்களுக்குத் திரும்பிவர 12 மாதங்கள் உரிமை உண்டு. வேலை பார்த்த கம்பெனி தரும் ஓய்வுக்காலக் காப்பீடும் இப்படித்தான்: விட்டால் மறுபடி கிடைக்காமல் போகலாம், சில இடங்களில் மனைவிக்கோ கணவருக்கோ உள்ளதும் சேர்ந்தே போகும். பழைய அலுவலகத்தின் பெனிஃபிட்ஸ் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருடம் பாதி ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதுரை ஆஸ்பத்திரி பில்லுக்கு மெடிகேர் பணம் தராது. மெடிகேப் ஜி போன்ற சில திட்டங்கள் பயணத்தின் முதல் 60 நாளில் நேரும் அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. அட்வான்டேஜில் இருப்பவர்கள் திட்டத்தின் சேவைப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

தவறான அட்வான்டேஜ் திட்டத்தில் மாட்டிக்கொண்டால், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை மாறலாம். நீங்கள் கேட்காமலே போன் செய்து திட்டம் விற்பது விதிமீறல். மெடிகேர் எண்ணைச் சொல்லாமல் வைத்துவிட்டு 1-800-633-4227-இல் புகார் செய்யுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. ‘ஷிப்’ எனப்படும் மாநில ஆலோசனைச் சேவையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, உங்களுக்கும் செலவில்லை. நவம்பர் கடைசிவரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே அவர்களிடம் நேரம் கேட்டு வாங்குங்கள்.