கம்பிக்குக் கீழே கானமயில்
அழிவின் விளிம்பில் இருக்கும் பறவையைக் கூண்டில் வளர்ப்பதில் ராஜஸ்தான் வெற்றி கண்டுவிட்டது. திறந்துவிடப் புல்வெளி மிஞ்சுமா என்பதுதான் இப்போதைய கேள்வி

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் சம் என்ற ஊர் வருகிறது. மணல்மேடுகள், ஒட்டகச் சவாரி, சுற்றுலாப் பயணிகளுக்கான கூடாரங்கள், இரவானால் ஆட்டம் பாட்டம். இதே ஊரில்தான், ஆரவாரம் எதுவுமின்றி, நாட்டின் மிக விலையுயர்ந்த முட்டைகள் அடைகாக்கப்படுகின்றன. காட்டில் சேகரிக்கப்பட்ட முட்டைகளுடன் 2019-ல் தொடங்கிய கானமயில் இனப்பெருக்க மையம் அது. இங்கேயும் ராம்தேவ்ராவில் உள்ள இரண்டாவது மையத்திலும் இருக்கும் பறவைகளின் எண்ணிக்கை 2025-ல் 60-ஐத் தாண்டியது. 2024 அக்டோபரில் செயற்கை முறைக் கருவூட்டலில் ஒரு குஞ்சு பொரித்தபோது வனத்துறையினர் பூரித்துப் போனார்கள். இந்த இனத்தில் உலகிலேயே அதுதான் முதல் முறை.

இத்தனை பாடுபடக் காரணம் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையானால் 15 கிலோ வரை எடையும் கொண்ட கானமயில், பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை வறண்ட புல்வெளிகளில் திரிந்தது. இதையே தேசியப் பறவையாக்கலாம் என்று பறவையியல் அறிஞர் சாலிம் அலி வாதாடினார். வென்றது மயில். 1969-ல் சுமார் 1,260 பறவைகள் இருந்ததாகக் கணக்கு. இன்று காட்டில் 150-க்கும் குறைவு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில்தான் இருக்கின்றன. மற்ற மாநிலங்களில் கை விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட மிஞ்சுவது சந்தேகம். குஜராத்தின் கட்ச் பகுதியில் மிஞ்சியவை ஒரு சில பெண் பறவைகளே.

இந்தப் பறவையின் கடைசிப் புகலிடம் பாலைவன தேசியப் பூங்கா. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கி.மீ. பரப்புக்கு விரிந்து கிடக்கிறது. 1980-ல் அறிவிக்கப்பட்டது. பெயரில்தான் தேசியப் பூங்கா. சட்டப்படி அது சரணாலயம். உள்ளே 70-க்கும் மேற்பட்ட கிராமங்கள், பல்லாயிரக்கணக்கான ஆடு மாடுகள், ஒட்டகங்கள்.

புல்தான் உயிர்நாடி

பாலைவனம் என்றதும் வெறும் மணல்தான் நினைவுக்கு வரும். ஆனால் பூங்காவில் மணல்மேடுகள் ஒரு பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் கல்தரையும் புல்தரையும் புதர்களும்தான். இங்கே அரசன் 'சேவன்' புல். வேர் ஆழமாக இறங்கி மணலைப் பிடித்துக்கொள்ளும். மழையில்லாத மாதங்களில் காய்ந்த குச்சியாக நிற்கும். ஓரிரு மழை பெய்தால் பச்சைப் பிடித்துவிடும். தார்பார்க்கர் மாடுகளுக்கு அதுவே தீவனம். அதன் நிழலில் பெருகும் வெட்டுக்கிளிகளும் வண்டுகளும் கானமயிலுக்கு உணவு. இலந்தைப் புதரின் பழத்தையும் அது விடுவதில்லை.

ராஜஸ்தானின் மாநில மரமான 'கேஜ்ரி' தமிழர்களுக்கு அந்நியமல்ல. பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்லப்படும் வன்னி மரம்தான் அது. விருத்தாசலத்தில் தலவிருட்சம், தாரில் வாழ்வாதாரம். காய் மனிதனுக்கு, தழை ஆட்டுக்கு. கேர், ரோஹிடா, எருக்கு, போக் என்று மற்ற செடிகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. மணலைக் கட்டிப்போடுவதில் கெட்டிக்காரச் செடியான போக், விறகுக்கும் கரிக்கும் வேரோடு தோண்டப்பட்டதால் பல இடங்களில் அருகிவிட்டது.

இங்கே மரம் நடுவதேகூடக் கேடாக முடியலாம். கானமயிலுக்கு வேண்டியது நாலாபுறமும் பார்வை எட்டும் திறந்த வெளி. முட்டையிடுவது வெறுந்தரையில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. அடர்ந்த மரமும் புதரும் இருந்தால் நரியும் நாயும் மறைந்து வர வழியாகிவிடும். மணலைத் தடுக்கவும் பசுமைக்காகவும் பாலைவனத்தில் நடப்பட்டு, பிறகு தானாகவே பரவிய சீமைக்கருவேலம் புல்லை விழுங்கியது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

வனத்துறை இதற்குக் கண்ட வழி, வேலியிட்ட அடைப்புகள். சுதாசரி போன்ற இடங்களில் பறவைகள் கூடும் புல்வெளியைச் சுற்றி வேலி போட்டு, கால்நடையையும் தெருநாயையும் வெளியே நிறுத்துகிறார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குகிறார்கள். மழைக்கு முன் சேவன் விதை தூவுகிறார்கள். பலன் கண்கூடு. வேலிக்கு உள்ளே இடுப்பளவுப் புல். வெளியே மொட்டைத் தரை. கானமயில் மட்டுமல்ல, சிங்காரா மான், பாலைவன நரி, முள்வால் ஓணான், குளிர்காலத்தில் வந்து சேரும் பிணந்தின்னிக் கழுகுகள் என எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

தலைக்கு மேல் எமன்

ஆனால் வேலி போட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: ஆகாயம். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. தரையில் எதிரியைக் கண்டுகொள்ள அது வசதி. பறக்கும்போது நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உயரழுத்த மின்கம்பி அருகில் வந்த பிறகே கண்ணில் படும். அத்தனை எடையை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பவும் முடியாது.

தாரில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி தாரில் இருந்த பறவைகள் சுமார் 128. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் இனத்தில் ஏழில் ஒரு பங்கு கம்பிக்கே பலி. எந்த இனமும் இந்த இழப்பைத் தாங்காது.

கம்பிகள் வந்ததற்கும் நியாயமான காரணமே சொல்லப்படுகிறது. சூரியனும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும் மண் இது. பாலோடி அருகே பட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா. நிலக்கரிப் புகையைக் குறைக்க 2030-க்குள் 500 கிகாவாட் என்பது நாட்டின் இலக்கு. ஆக, மோதல் நன்மைக்கும் தீமைக்கும் இடையில் இல்லை. இரண்டு நன்மைகளுக்கு இடையில்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனுதாரர் எம்.கே. ரஞ்சித்சிங், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2021 ஏப்ரலில் நீதிமன்றம், சுமார் 99,000 சதுர கி.மீ. பரப்பில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு செல்ல உத்தரவிட்டது. உயரழுத்தக் கம்பிகளை அப்படிப் புதைப்பது நடைமுறையில் முடியாது, செலவும் கட்டுப்படியாகாது என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. குழுவின் பரிந்துரைகளை 2025 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்றது. ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கி.மீ. முன்னுரிமைப் பகுதி என்று வரையறுக்கப்பட்டது. அதற்குள் புதிய காற்றாலைகளுக்கும் பெரிய சூரிய மின் நிலையங்களுக்கும் இடமில்லை.

எல்லைக் கோடு தெளிவாகிவிட்டது. பறவைக்கு மட்டும் அது தெரியாது. மழைக்குப் பின் புல்லைத் தேடி வயல்வெளிகளுக்கும் தொலைவான மேய்ச்சல் நிலங்களுக்கும் அது போகும். அங்கே கம்பிகளில் பளபளக்கும் தட்டுகளைத் தொங்கவிட்டு எச்சரிக்கை செய்கிறார்கள். மோதல் குறையுமே தவிர, அடியோடு நிற்காது.

'தரிசு' என்ற பெயர்

சிக்கலின் வேர் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது. மரம் இல்லாத நிலமெல்லாம் அதில் பெரும்பாலும் 'தரிசு'. தரிசை யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கலாம். ஆனால் கிராமத்தாருக்கு அதே நிலம் 'ஓரண்', அதாவது தெய்வத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் மேய்ச்சல் காடு. அங்கே ஒரு கிளைகூட ஒடிக்க மாட்டார்கள். ஜெய்சல்மேரில் தேக்ராய் மாதா ஓரண் பல்லாயிரம் பிகா பரப்பு கொண்டது. 2020-ல் அங்கேயே மின்கம்பியில் மோதி ஒரு கானமயில் செத்து விழுந்தது. ஓரண்களைப் பதிவேட்டில் சேர்க்கக் கோரி கிராமத்தார் நடைப்பயணம் போனார்கள்.

2024 டிசம்பரில் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஓரண்களை அளந்து, வனமாக அறிவிக்கும் வேலையைத் தொடங்குமாறு ராஜஸ்தான் அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த ஆணை பிறந்த வழக்கு, நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளைக் காக்க 1995-ல் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. கூடலூர் மழைக்காட்டுக்காக எழுந்த வாதம், தார் மணலில் ஒரு புல்வெளிக்குத் துணை நிற்கிறது.

ஆனால் பூங்காவுக்கு உள்ளே இருக்கும் மக்களின் மனக்குறை வேறு. சாலை, மின்சாரம், குடிநீர்க் குழாய் என்று எது கேட்டாலும் சரணாலயச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நிலத்தை வாங்கவும் விற்கவும் கட்டுப்பாடு. வேலி அடைப்பு ஒவ்வொன்றும் அவர்களுக்குக் குறைந்துபோன மேய்ச்சல் நிலம். "எங்களை விடப் பறவை பெரிதா?" என்ற கேள்வியை அதிகாரிகள் கேட்காத நாளில்லை.

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கரேரா சாட்சி. கானமயிலுக்காகவே 1981-ல் அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சொந்த நிலத்தையே விற்க முடியாமல் போன விவசாயிகளின் ஆத்திரம் பறவையின் மேல் திரும்பியது. 1990-களில் கரேராவில் கானமயில் இல்லாமலே போனது. பலகை மட்டும் மிஞ்சியது.

தாரில் இன்னும் நிலைமை அந்த அளவுக்கு முற்றவில்லை. முட்டை இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்தான். அவர் வனத்துறைக்குச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அவர் சொல்ல வேண்டுமானால், வேலிக்கு உள்ளே அறுக்கும் புல்லில் அவருக்குப் பங்கு வேண்டும். காவல் வேலையில் அவர் மகனுக்கு இடம் வேண்டும்.

சம் மையத்தின் முதல் தலைமுறைப் பறவைகள் மனிதர் கையில் வளர்ந்தவை. அவை இனி காட்டில் பிழைக்காது. அவற்றின் வாரிசுகளுக்கே மனித வாசனை படாமல் பயிற்சி தந்து வெளியே விடத் திட்டம். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்தச் சில ஆண்டுகள்தான் அவகாசம். அதற்குள் கம்பிகள் இறங்க வேண்டும், சேவன் புல் தழைக்க வேண்டும், பதிவேட்டில் தரிசு என்ற சொல் அழிய வேண்டும். இல்லாவிட்டால், கானமயிலைப் பார்க்கக் கூண்டைத் தவிர வேறு இடம் இருக்காது.