கிவிப் பழம்: வீட்டுப் பிள்ளையா, விருந்தாளியா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தல்லாகுளத்தில் உள்ள என் வைத்தியசாலையில் காய்ச்சல்காரர்கள் கூட்டம்தான். அப்படி ஒரு மழைநாள் சாயங்காலம். நரிமேட்டிலிருந்து ஒரு பெரியவர், எட்டு வயதுப் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பையனின் அம்மா. அவர் கையில் ஒரு பை நிறையக் கிவிப் பழம்!

"ரத்தப் பரிசோதனையில டெங்குன்னு வந்திருச்சுங்கய்யா. பிளேட்லெட் குறைஞ்சிருக்காம். கிவி குடுத்தா ஏறிரும்னு எல்லாரும் சொன்னாங்க. பழம் ஒண்ணு நாப்பது ரூவா. மூணு நாளா அதைத்தான் சாறு எடுத்துக் குடுக்கிறோம். இன்னைக்குக் காய்ச்சல் விட்டிருச்சு. இனிமே பயமில்லைல்ல?" என்றார் பெரியவர்.

பையனைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லைதான். ஆனால், கை கால் சில்லென்று இருந்தது. கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. "வயிறு வலிக்குது" என்று முனகினான். காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போனான் என்றார் அம்மா. நான் மருந்து எதையும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பையன் தானே நடந்து வந்து, "வணக்கம் தாத்தா" என்று சிரித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தக் குடும்பத்தின் மீது தப்புச் சொல்ல மாட்டேன். ஒரு பழத்துக்கு இல்லாத சக்தியை நாமெல்லாம் சேர்ந்து கொடுத்துவிட்டோம். இருக்கிற சக்தியையோ சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பிறந்த வீடு எது?

கிவி என்றதும் நியூசிலாந்து என்று நினைக்கிறோம். அதன் பிறந்த வீடு சீனா. அங்கே அதற்குக் 'குரங்குப் பீச்' என்ற பொருளில் பெயர். 1904-ல் இசபெல் ஃப்ரேசர் என்ற பள்ளித் தலைமை ஆசிரியை சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது விதைகளை நியூசிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கே அதைச் 'சீன நெல்லி' என்ற அர்த்தத்தில் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் விற்க வசதியாக 1959-ல் அந்த நாட்டுப் பறவையின் பெயரைச் சூட்டினார்கள். பழுப்பு நிறம், மேலெல்லாம் முடி... பொருத்தமாகத்தானே இருக்கிறது!

நம் நாட்டில் 1960-ல் பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் நட்டுப் பார்த்தார்கள். கொடி காய்க்கவில்லை. காரணம், இதற்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். பிறகு சிம்லாவில் நட்டது 1969-ல் காய்த்தது. இன்று இமாசலத்திலும் அருணாசலத்திலும் விளைகிறது. பெங்களூருக் குளிரே போதாத கொடிக்கு நம்ம மதுரை வெயில் எம்மாத்திரம்? அதனால்தான் இங்கே விலை அப்படி!

உள்ளே என்ன இருக்கிறது?

நூறு கிராம் பச்சைக் கிவியில் சுமார் 60 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, 90 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே வைட்டமின் சி, 300 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கின்றன. வைட்டமின் கே, ஃபோலேட் ஆகியவையும் உண்டு. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. நடுத்தரமான கிவி ஒன்றே அதில் முக்கால் பங்குக்கு மேல் கொடுத்துவிடும். நல்ல பழம்தான், சந்தேகமில்லை.

ஆனால், நம் கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி! நார்ச்சத்தும் கிவியைவிட அதிகம். நெல்லிக்காய் கொய்யாவையும் தாண்டும். ஒரு கிவி வாங்குகிற காசுக்கு ஆயக்குடிக் கொய்யா வீட்டில் நாலு பேருக்கும் வரும். சத்துக்காக மட்டும் என்றால் கிவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கிவிக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது மலச்சிக்கலுக்கு நல்லது. நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வில், தினம் இரண்டு பச்சைக் கிவி சாப்பிட்ட மலச்சிக்கல்காரர்களுக்கு வயிறு சுலபமாகக் கழிந்தது. வயிற்று உபாதையும் குறைந்தது. அதன் நார் நீரை இழுத்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்குகிறது. 'ஆக்டினிடின்' என்ற நொதி, புரதத்தைச் செரிக்க உதவுகிறது.

சித்த மருத்துவம் என்ன சொல்லும்?

நம் குணபாட நூல்களில் கிவி கிடையாது. இல்லாததை இருக்கிறது என்று சொல்வது வைத்தியனுக்கு அழகல்ல. ஆனால், சுவையை வைத்துக் குணத்தை அறிகிற முறை நம்மிடம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அறுசுவைதான். கிவி, புளிப்பும் இனிப்பும் கலந்தது. புளிப்பு மண்ணும் தீயும் சேர்ந்தது. வாதத்தைத் தணிக்கும், பித்தத்தைக் கூட்டும். ஆகவே நெஞ்செரிச்சல், புளியேப்பம் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்.

டெங்குவில் கிவியின் இடம்

கிவி சாப்பிட்டால் பிளேட்லெட் ஏறும் என்பதற்கு நிரூபணம் இல்லை. டெங்குவில் அந்த அணுக்கள் சில நாள் இறங்கும், பிறகு உடம்பு தேறும்போது தானாகவே ஏறும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுதான் ஏற்றியது என்று தோன்றும்!

ஆபத்து எப்போது தெரியுமா? பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருத்த மலம், கை கால் குளிர்ச்சி, சோர்வு, சிறுநீர் குறைவது... இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது முக்கியம் நீர்தான். கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி கொடுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு கூடும். 2012-ல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நானும் கொடுக்கிறேன். ஆனால், குடிநீர் கொடுத்தாயிற்று என்று மேலே சொன்ன அறிகுறிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

யாருக்கு எச்சரிக்கை?

* சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.
* ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் நிறையச் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. வைட்டமின் கே, அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.
* சாப்பிட்டதும் வாய் அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் அது ஒவ்வாமை. ரப்பர் கையுறை, வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது வரலாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைக்கு முதல் தடவை கொடுக்கும்போது ஒரு சின்னத் துண்டு போதும்.
* சர்க்கரை நோயாளிகள் ஒரு பழம் சாப்பிடலாம். சாறாக வேண்டாம், சர்க்கரை சேர்க்கவே வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது?

அழுத்தினால் லேசாக அமுங்குகிற பழமே பதம். கல் போல இருந்தால் வாழைப்பழத்தோடு ஒரு காகிதப் பையில் சுற்றி வையுங்கள். சில நாளில் பழுத்துவிடும். குறுக்கே இரண்டாக வெட்டி, நுங்கு தோண்டுகிற மாதிரி ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடலாம். பாலோடு அடித்து வைக்காதீர்கள். அந்த நொதி பால் புரதத்தை உடைப்பதால் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும். "பாலும் புளிப்பும் சேராது" என்று பாட்டிமார் சொன்னது இங்கேயும் சரிதான்.

வசதி உள்ளவர்கள் வாரத்தில் சில நாள் வாங்கலாம். மலச்சிக்கல்காரர்கள் தினமும்கூடச் சாப்பிடலாம். வசதி இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கிவி தூரத்திலிருந்து வருகிற விருந்தாளி. வந்தால் வரவேற்போம். ஆனால் வீட்டுப் பிள்ளைகளான கொய்யாவையும் நெல்லியையும் பட்டினி போட்டுவிட்டு விருந்தாளிக்குப் பந்தி விரிக்க வேண்டாம்!